ஸ்க்ரப் டைபஸ் பரிசோதனை: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், கூடிவிடும். அதற்கு நாங்கள் செய்யும் பரிசோதனை பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வரும் சீட்டில் பெயர், வயது, என்ன டெஸ்ட் என்பதெல்லாம் இருக்கும். காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் என்பது மட்டும் இருக்காது. நாங்கள் செய்யும் ஐஜிஎம் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது தெரியும் அளவுக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் எடுத்த ரத்தம் பெரும்பாலும் நெகட்டிவ் என்றுதான் காட்டும். அதை நம்பி, இந்த நோய்க்கான மருந்தான டாக்சிசைக்ளினை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை ஊசிகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. இரண்டாம் வாரத்தில் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும்கூட பாதிக்கப்படலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐஜிஎம் பல மாதங்கள் ரத்தத்தில் தங்கும். நோய் பரவலாக உள்ள ஊர்களில், போன பருவத்துத் தொற்று இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் போலத் தெரியலாம். ஆகவே வேறெங்கோ தீர்மானித்த அளவை பாசிட்டிவ், நெகட்டிவ் எனப் பிரிக்கும் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளாமல், நம் மாவட்டங்களில் நலமாக இருப்பவர்களின் ரத்தத்தையும் சோதித்து நமக்கான எல்லையை வகுக்க வேண்டும். இதே நோய்க்கு 1916இல் வந்த வெயில்-ஃபெலிக்ஸ் என்ற பழைய டெஸ்டை, மலிவு என்பதற்காக இன்னும் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பல நோயாளிகளைத் தவறவிடுகிறது. அதை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

முதல் வாரத்துக்குப் பொருத்தமானது, கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை. கொரோனா காலத்தில் வாங்கிய கருவிகள் பல ஆய்வகங்களில் இருக்கின்றன. நோயைப் பரப்பும் பூச்சி கடித்த இடத்தில் கருத்துக் காய்ந்திருக்கும் பொருக்குதான் அதற்கு மிகச் சிறந்த சாம்பிள். ரத்தத்தைவிட அதில் கிருமி அதிகம். ஆனால் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, பாவாடை நாடா கட்டும் இடுப்பு என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் அது இருக்கும். கூச்சத்தால் நோயாளி சொல்வதில்லை, அவசரத்தில் யாரும் பார்ப்பதுமில்லை. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கு அதைத் தேடவும் எடுத்து அனுப்பவும் பயிற்சி கொடுங்கள்.

கடுமையான நோய்க்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று 2023இல் வெளியான ஆய்வில் வேலூர் சிஎம்சி மருத்துவமனை மருத்துவர்கள் முன்னின்றார்கள். மருந்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அந்த மருந்து வேளையோடு கிடைக்கப் பரிசோதனையும் தேற வேண்டாமா?

பிசிஆருக்கும் எல்லை வகுக்கும் ஆய்வுக்கும் நிதியும் நேரமும் தேவை என்பது புரிகிறது. ஆனால் சீட்டில் 'காய்ச்சலின் எத்தனையாவது நாள்' என்ற கட்டத்தையும், முதல் வார நெகட்டிவ் ரிப்போர்ட்டில் 'இது நோய் இல்லை என்பதற்கு ஆதாரமல்ல. சிகிச்சையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்கவும்' என்ற வரியையும் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும். இந்த மழைக்கு முன்பே அதை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர் ஒருவர்