புரதத்துக்குப் புகைப்படம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கத்தில் கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று சுருள் சுருளாக ரிப்பன். கீழே, 'எலக்ட்ரான் நுண்ணோக்கி எடுத்த புகைப்படம்' என்று ஒரு வரி. கும்பகோணத்திலிருந்து அம்மா அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நீ எடுக்கிற போட்டோ இதுதானாடி?" என்று கேட்டிருந்தாள். பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். ஒரு ரிப்பனைக்கூட நான் போட்டோ எடுத்ததில்லை என்று பதில் போட்டேன். அதையே உங்களுக்குக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் நுண்ணோக்கிக்கு நிறமே தெரியாது. புரதக் கரைசலில் ஒரு துளியைத் திரவ ஈத்தேனில் சட்டென்று முக்கி உறைய வைக்கிறோம். எலக்ட்ரான் அதிகம் பாய்ந்தால் புரதம் கெட்டுவிடும் என்பதால் மிகக் குறைவாகத்தான் செலுத்த முடியும். ஆகவே கிடைப்பது ஆன்டெனா திரும்பிப்போன பழைய டிவி போல ஒரே புள்ளிமயம். அதிலிருந்து லட்சக்கணக்கான மங்கல் உருவங்களைப் பொறுக்கி, கணினியில் பொருத்திச் சராசரி எடுத்தால் முப்பரிமாணத்தில் ஒரு மேகம் வரும். நாங்கள் அதை 'மேப்' என்போம். நுண்ணோக்கியின் பங்கு அதோடு சரி. புரதம் என்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோர்த்த சங்கிலி. அந்த மேகத்துக்குள் எந்த அமினோ அமிலம் எங்கே என்று கோர்ப்பது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் வேலை. நீங்கள் போட்டது அப்படி ஒருவர் கோர்த்த மாதிரி வடிவம்.

கோர்ப்பதில் எவ்வளவு சறுக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. மேப் 3 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குத் தெளிவாக இருந்தால் (ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம்; எண் குறையக் குறையத் தெளிவு கூடும்) அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள் தெரியும். டிரிப்டோபான் பருத்த ஆசாமி. கிளைசினுக்குக் கிளையே இல்லை. இவர்களை மைல்கல்லாக வைத்து எண்ணிக்கொண்டே போகலாம். எனக்குக் கிடைத்த மேப் அவ்வளவு தெளிவில்லை. ஒரு வளைவில் ஒரே ஒரு அமினோ அமிலத்தைத் தவறவிட்டேன். சட்டையில் ஒரு பொத்தான் மாறினால் கடைசிவரை கோணல்தானே? அதற்கப்புறம் வந்த நாற்பதும் ஓரிடம் தள்ளி உட்கார்ந்துவிட்டன. மூன்று மாதம் கழித்துக் காட்டிக்கொடுத்தது ஒரு டிரிப்டோபான். அதன் இரட்டை வளையம் வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிளைசினை வைத்த இடத்தில், யாரும் உரிமை கொண்டாடாத பெரிய குமிழ் ஒன்று. பார்த்ததும் வயிறு கலங்கியது.

அந்த மூன்று மாதமும் என் மாதிரியின் ராமச்சந்திரன் வரைபடம் ஒரு குறையும் சொல்லவில்லை. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் தந்தது அது: புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்ற கணக்கு. உலகத்தில் எந்த ஆய்வகத்தில் புரத மாதிரி செய்தாலும் அந்தச் சோதனைக்கு வந்தாக வேண்டும். நமக்குப் பெருமைதான். ஆனால் மேப் மங்கலாக இருந்தால், கோணங்களை அந்த வரைபடத்துக்குள் தள்ளிவிடும் வேலையை இன்றைய மென்பொருள்களே செய்துவிடுகின்றன. வினாத்தாளை முதல்நாளே கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதற்குச் சமம். தவிர, எண்ணிக்கை தள்ளிப்போன சுருளும் நல்ல சுருள்தான். கோணத்தில் பிழை தெரியாது.

உங்கள் படத்திலிருந்த புரதத்துக்கே வருகிறேன். அதன் முதல் வடிவம் 2020 பிப்ரவரியில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து ஜேசன் மெக்லெல்லன் குழுவிடமிருந்து வந்தது, தெளிவு 3.5 ஆங்ஸ்ட்ராம். அந்த எண் மொத்தத்துக்கும் சேர்த்துச் சொல்வது. ஓடும் மின்விசிறியைப் படமெடுத்தால் நடுக்குமிழ் தெரியும், இறக்கை புகையாகத்தான் விழும். இங்கேயும் நடுப்பகுதி தெளிவு. நம் செல்லைப் பற்றுவதற்காக எழுந்து ஆடும் தலைப்பகுதி மங்கல். ஒவ்வொரு சங்கிலியிலும் 22 இடங்களில் சர்க்கரைக் கிளைகள் தொங்குகின்றன. அவையும் ஆடுவதால், பெரும்பாலும் அடிக்கட்டை மட்டுமே மாதிரியில் இருக்கும். ரிப்பன் படமோ எல்லா இடத்தையும் ஒரே உறுதியோடு காட்டுகிறது.

பெரிய இடங்களிலும் இந்த வம்பு உண்டு. 2013-ல் எச்.ஐ.வி. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கு வெளியான ஒரு வடிவத்தைப் பற்றி, வெறும் புள்ளிமயத்திலிருந்தே அது வந்திருக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் ரிச்சர்ட் ஹெண்டர்சன் உள்ளிட்டோர் எழுதினார்கள். ஐன்ஸ்டைன் முகத்தைக் காட்டி, 'இதுபோலத் தேடு' என்று கணினியிடம் சொன்னால், ஒன்றுமே இல்லாத ஆயிரம் புள்ளிப் படங்களைச் சராசரி எடுத்து அது ஐன்ஸ்டைனையே திருப்பித் தரும். இதே ஹெண்டர்சனுக்குத்தான் இந்தத் துறைக்காக 2017-ல் இன்னும் இருவரோடு நோபல் கிடைத்தது.

புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு இந்த வேலையே முடிந்துவிட்டது என்றும் படத்தோடு வந்த கட்டுரையில் இருந்தது. பெரிய உதவிதான், மறுக்கவில்லை; தினமும் பயன்படுத்துகிறேன். தனித்தனித் துண்டுகளை அது அழகாகத் தருகிறது. பத்துப் பன்னிரண்டு புரதம் சேர்ந்த கூட்டத்தில் எது எதன் தோளில் சாய்ந்திருக்கிறது என்பதில் பல நேரம் தடுமாறுகிறது. 8 ஆங்ஸ்ட்ராம் மேகத்தில் அதன் துண்டைத் தலைகீழாக வைத்தாலும் பொருந்துவது போலத்தான் இருக்கும்.

அடுத்த முறை படத்தின் கீழே 'புகைப்படம்' என்பதற்குப் பதிலாக 'மாதிரி வடிவம்' என்று போட்டு, பக்கத்தில் எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

என் பெயரைப் போட வேண்டாம். அந்த டிரிப்டோபானைச் சொல்லிக் கிண்டல் செய்ய இங்கே ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள்.

— ஒரு வாசகி, பெங்களூரு