80ஜி என்று அச்சிட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் மாதம் நெருங்கினால் பத்திரிகைகளில் அறக்கட்டளைகளின் வேண்டுகோள்கள் வரத் தொடங்கிவிடும். ஏறக்குறைய எல்லாவற்றின் அடியிலும் 'நன்கொடைகளுக்கு 80ஜி வரிவிலக்கு உண்டு' என்ற வாசகம் இருக்கும். 80ஜி என்பது நன்கொடையை வருமானத்தில் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் 1961 வருமான வரிச் சட்டப் பிரிவு. அந்த வாசகத்தை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஏமாந்து நிற்பவர்கள் பலர்.

முதலில், அந்தச் சலுகை பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. 2023-24 நிதியாண்டு முதல், நாமாகக் கேட்டு மாற்றிக்கொள்ளாவிட்டால் நம் கணக்கு புதிய முறையில்தான் போடப்படும். அதில் எவ்வளவு பெரிய ரசீது வைத்திருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கழியாது. பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் புதிய முறைதான். நன்கொடைக் கழிவும் அதோடு போயிற்று.

அடுத்து, 'வரிவிலக்கு' என்ற சொல்லே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கழிவது வரியில் அல்ல, வருமானத்தில். அதுவும் எப்போதும் முழுத் தொகை அல்ல. பிரதமரின் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சரின் நிவாரண நிதி போன்றவற்றுக்குக் கொடுத்தால் 100 சதவீதமும் கழியும், உச்சவரம்பு கிடையாது. நாம் சாதாரணமாகக் கொடுக்கும் தனியார் அறக்கட்டளைகளுக்கு 50 சதவீதம்தான். அதற்கும் வரம்பு உண்டு. பலரும் இடறுவது இங்கேதான்.

2025-26 நிதியாண்டுக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். 60 வயதுக்குட்பட்டவர், ஆண்டுச் சம்பளம் ரூ.10,50,000. பழைய முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) ரூ.50,000 போக ரூ.10,00,000. சேமிப்புகளுக்கு 80சி-யில் ரூ.1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி-யில் ரூ.25,000 கழித்தால் மிச்சம் ரூ.8,25,000. இதில் பத்து சதவீதமான ரூ.82,500-தான் வரம்பு. இவர் ஓர் அறக்கட்டளைக்கு ரூ.1,00,000 கொடுத்திருந்தால், 'பாதி ரூ.50,000, வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று எழுதிவிடுவார். அது தவறு. முதலில் வரம்பு, பிறகுதான் பாதி. ரூ.82,500-இல் பாதி ரூ.41,250 மட்டுமே கழியும். இவருடைய 20 சதவீத வரி விகிதத்தில் மிச்சமாவது ரூ.8,250; செஸ் என்னும் கூடுதல் வரியும் சேர்த்து ரூ.8,580.

இத்தனைக்கும் பிறகு இவர் கட்ட வேண்டிய வரி ரூ.72,020. அதே சம்பளத்துக்குப் புதிய முறையில் நிலைக்கழிவு ரூ.75,000 போக வரி பூஜ்யம்! வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி என்று பெரிய கழிவுகள் இல்லாதவர், நன்கொடை ரசீதுக்காக மட்டும் பழைய முறைக்குப் போனால் நஷ்டம்தான். இரண்டு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

நிலமோ பங்கோ விற்றுப் பெருந்தொகை தானம் செய்பவர்களுக்கு இன்னொன்று. நீண்டகால மூலதன ஆதாயம் அந்தப் பத்து சதவீதக் கணக்கில் சேராது. லட்சக்கணக்கில் லாபம் வந்திருந்தாலும் வரம்பு உயராது.

ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை. அரிசி மூட்டை, போர்வை, மருந்து எதற்கும் கிடையாது. காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ வழியே கொடுங்கள்.

ரசீது மட்டும் இப்போது போதாது. அறக்கட்டளை தான் பெற்ற நன்கொடைகளைப் படிவம் 10பிடி-யில் அடுத்த மே 31-க்குள் வருமான வரித்துறைக்குத் தெரிவித்து, கொடுத்தவருக்குப் படிவம் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். அதிலுள்ள ஒப்புகை எண்ணையும் அறக்கட்டளையின் பான் எண்ணையும் ரிட்டர்னில் 80ஜி அட்டவணையில் நிரப்ப வேண்டும். அறக்கட்டளை நம் பான் எண்ணைத் தப்பாக ஏற்றியிருந்தால் நம் கழிவு நிற்காது. அதனால் கொடுக்கும் அன்றே பான் எண்ணை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அலுவலகம் தரும் சம்பள வரிச் சான்றிதழான படிவம் 16-இல் இந்தக் கழிவு பெரும்பாலும் இருக்காது, ரிட்டர்னில் நாமே சேர்க்க வேண்டும்.

'12ஏ பதிவு பெற்றது' என்று சில அமைப்புகள் போடுகின்றன. அது அறக்கட்டளையின் சொந்த வருமானத்துக்கான விலக்கு. கொடுப்பவருக்கு அதனால் பயனில்லை. 80ஜி ஒப்புதல் தனி, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. தற்காலிக ஒப்புதல் மூன்று ஆண்டு, முறையான ஒப்புதல் ஐந்து ஆண்டு. பணம் கொடுத்த நாளில் அது நடப்பில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது, 80ஜி ஒப்புதல் எண்ணும் அது செல்லும் காலமும் இருக்கிறதா என்று பாருங்கள். 'பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும்' என்ற நான்கு சொற்களையும் சேர்த்து அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரிக் கணக்காளர் ஒருவர்,
ஈரோடு