சருகுக்குத் தீ வைக்க வேண்டாம்: பெற்றோர்களுக்கு மாசி மாதக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வேம்பு இலை கொட்டத் தொடங்கிவிட்டது. காலையில் பெருக்கிய இடம் முதல் மணி அடிப்பதற்குள் மறுபடி மஞ்சளாகிவிடுகிறது. நம் பள்ளியிலும் உங்கள் வீட்டு வாசலிலும் பங்குனி பாதி வரை இப்படித்தான் இருக்கும். உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். கூட்டிக் குவித்த சருகுக்குத் தீ வைக்காதீர்கள்.

காலை வழிபாட்டு நேரத்தில் சுற்றுத் தெருக்களின் புகை மைதானத்துக்குள் வந்து நிற்கிறது. வீசிங் உள்ள பிள்ளைகள் அன்று மதியம் வரை இருமுகிறார்கள். சருகோடு பால் கவரும் பாலித்தீன் பையும் சேர்ந்து எரிவதால் அந்தப் புகை இன்னும் கெடுதல். திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-இலேயே தடை செய்து, 5,000 ரூபாய் அபராதமும் விதித்திருக்கிறது. ஆனால் அபராதத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கோடை முழுக்க நம் செடிகளைக் காப்பாற்றப்போவது இந்தச் சருகுதான்.

பள்ளிக் கொய்யா மரத்தடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாதி வட்டத்துக்குச் சருகு பரப்பி, மீதிப் பாதியை வெறும் மண்ணாக விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணீர்தான் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் வெறும் மண்ணில் விரல் இறங்கவில்லை, மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சருகை விலக்கிய பக்கம் ஈரமாக, கறுப்பாக, மண்புழு எச்சம் குருணை குருணையாகக் கிடந்தது. அடுத்த முறை பள்ளிக்கு வரும்போது நீங்களே விலக்கிப் பாருங்கள்.

வீட்டிலும் இப்படியே செய்யலாம். கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை எதுவானாலும் நாலு விரல் கனத்துக்குச் சருகைப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், ஒரு சாண் தள்ளியே போடுங்கள். தென்னைக்கு ஆறு அடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்திருந்தால், மரத்தைச் சுற்றி உரிமட்டையின் முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கலாம்.

"சருகு கிடந்தால் பாம்பு வரும் சார்" என்று சில அம்மாக்கள் சொன்னீர்கள். நியாயமான பயம். அதனால்தான் குவியலாகப் போடாமல் பரப்பச் சொல்கிறேன். மீதிச் சருகை உரமாக்கும் மக்குக்குழியைச் சுவரோரத்திலோ கழிப்பறைப் பாதையிலோ வெட்டாதீர்கள். கிடக்கும் செங்கல், ஓடு, விறகை இப்போதே அப்புறப்படுத்துங்கள், எலி தங்கும் இடத்துக்குத்தான் பாம்பும் வரும். குழியில் சருகு, சாணிக்கரைசல், சருகு என்று அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிளறும்போது வெறுங்கையை விடாமல் கம்போ மண்வெட்டியோ பயன்படுத்துங்கள், இதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனைக்கு.

பார்த்தீனியம் பூக்குமுன் வேரோடு பிடுங்கிவிடுங்கள், தோல் அரிக்கும் என்பதால் கையில் உறை மாட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ஆட்டுக்குத் தழை என்று வேப்பங்கிளைகளை இந்த மாதம் கழிக்காதீர்கள். மொட்டையாகத் தெரியும் மரம் சில வாரத்தில் செந்தளிர் விட்டு, பங்குனி கடைசியில் பூத்துவிடும். சித்திரை வெயிலில் பிள்ளைகள் விளையாட அந்த நிழல் வேண்டும், வருடப் பிறப்புப் பச்சடிக்குப் பூவும் வேண்டும். பூவும் பிஞ்சுமாக நிற்கும் முருங்கையையும் காய்ப்பு ஓய்ந்த பிறகு கவாத்து செய்துகொள்ளலாம்.

பள்ளித் தோட்டத்தில் மாசிப் பட்டத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் ஊன்றப் போகிறோம். வெண்டை 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும், முழுஆண்டுத் தேர்வுக்கு முன்பே சத்துணவுச் சாம்பாரில் பிள்ளைகள் தங்கள் காயைச் சாப்பிடலாம். அரிசி களைந்த தண்ணீர் ஏற்கெனவே வாழைக்குப் போகிறது. பொங்கலுக்கு வாங்கிச் சும்மா கிடக்கும் மண்பானை இருந்தால் கொடுத்து அனுப்புங்கள். கழுத்தளவு புதைத்து நீர் ஊற்றி மூடி வைத்தால், பக்கத்துக் கன்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு மண்வெட்டி, கூடையோடு முடிந்தவர்கள் வாருங்கள், மாடு வைத்திருப்பவர்கள் ஒரு கூடை சாணி கொண்டுவாருங்கள். வெயில் ஏறுமுன் 10 மணிக்கு முடித்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் யார் எந்த வாரம் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களோடு அன்றே பேசிப் பெயர் எழுதிக்கொள்ளலாம். வேலைக்குப் போவதால் வர முடியாதவர்கள், தங்களுக்கு வசதியான வாரத்தைப் பிள்ளையின் கையேட்டில் எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி