ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை: சுவரும் கூரையும் வளைவின் வசனமும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு,

தை மாதம் சாரம் கட்டித் தொடங்கிய ஆலயப் பணி புரட்டாசியில் சாரம் பிரித்ததோடு நிறைவடைந்தது. வரவு செலவு தணிக்கை முடிந்து வெஸ்டரி (ஆயர் அங்கி மாற்றும் அறை) பலகையில் ஒட்டியிருக்கிறது. அதை இங்கே திரும்ப எழுதவில்லை. என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், எங்கே பிசகியது, இனிமேல் எதைச் செய்யக் கூடாது என்பதற்கே இந்த அறிக்கை. சாரம் நின்ற மாதங்களில் ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இரண்டு. "நல்லா இருந்த டைல்ஸை ஏன் பேத்தீங்க?" "வளைவுல அந்தப் பழைய எழுத்தை ஏன் அப்படியே விட்டீங்க?" இரண்டுக்கும் நின்று பதில் சொல்ல வேண்டிய கடமை குழுவுக்கு உண்டு.

முதலில் சுவர். நம் ஆலயச் சுவர் இரண்டேகால் அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும். வெயிலில் அதை விட்டுவிடும். விடுவதற்கு வழி இருக்கும்வரை கெடுதல் இல்லை. பிற்காலத்தில் நாமே அந்த வழியை நான்கு இடத்தில் அடைத்துவிட்டோம். உள்ளே நாலடி உயரத்துக்கு சிமெண்ட் பூச்சு. அதன்மேல் எமல்ஷன் பெயிண்ட். பழைய பட்டியக்கல் தளத்தின்மேல் சிமெண்ட் போட்டு ஒட்டிய டைல்ஸ். வெளியே வண்டி நிறுத்தப் பதித்த பேவர் பிளாக். இது சுவரோரத்துத் தரையை ஏழு அங்குலம் உயர்த்தி, மழைத்தண்ணீரைச் சுவரின்மேலேயே சாய்த்துக்கொண்டிருந்தது.

தரை வழியாக ஆவியாக முடியாத ஈரம் ஓரத்துக்கு நகர்ந்து சுவரில் ஏறுகிறது. ஈரத்தோடு மண்ணின் உப்பும் ஏறுகிறது. சிமெண்ட் பூச்சு எங்கே முடிகிறதோ அதற்குச் சற்று மேலே ஈரம் காய்ந்து, உப்பு மட்டும் தங்கிப் பூக்கிறது; பூக்கும்போது செங்கல்லின் மேல்தோலை உள்ளிருந்து தள்ளி மாவாக உதிர்க்கிறது. இந்த ஈரக்கறை, அதாவது ஓதம், தெரிந்ததும் சிமெண்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பூசுவதுதான் நம் பக்கத்து வழக்கம். அடுத்த மழைக்கு ஓதம் அந்த உயரத்துக்கு மேலே வந்து நிற்கும். தெற்குச் சுவரில் இப்படி மூன்று முறை பூசியிருந்த அடையாளம் பேர்க்கும்போது தெரிந்தது.

டைல்ஸ் பலருடைய காணிக்கை. பெற்றோர் நினைவாகக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. பெயர் பொறித்த கற்களும் இருந்தன. அவற்றைப் பேர்க்கச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றையும் வீட்டில் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகே கடப்பாறை எடுத்தோம். பெயர்கள் அனைத்தும் இப்போது மேற்கு வாசல் தாழ்வாரத்தில் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. அடியிலிருந்த பட்டியக்கல்லில் பத்தில் ஒன்பது பங்கு முழுதாகக் கிடைத்தது. உடைந்தவற்றுக்கு மட்டும் புதுக்கல் வாங்கி, இடுக்குகளைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்த்து அடைத்தோம். வெளியே பேவர் பிளாக்கைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, அந்த இடத்தில் இரண்டடி ஆழத்துக்குச் சரளைக்கல் நிரப்பி, தண்ணீர் வடிகாலுக்கு ஓடும்படி சரிவு கொடுத்தோம்.

சிமெண்ட் பூச்சை எந்திரம் வைத்துப் பேர்க்கக் கூடாது. அதிர்ச்சியில் செங்கல் கூடவே வந்துவிடும். உளியும் சுத்தியலும்தான். பேர்த்த சுவரில் உடனே பூசவும் இல்லை. உப்பை இறக்க, காகிதக் கூழையும் களிமண்ணையும் நல்ல தண்ணீரில் பிசைந்து முக்கால் அங்குலத்துக்கு அப்பி, நன்றாகக் காய்ந்து தானே விட்டுவரும்வரை வைத்திருந்து உரித்தோம். காயும்போது அந்தப் பற்று சுவரின் உப்பை இழுத்துக்கொள்ளும். மூன்று தடவை அப்பினோம். இதற்கும் சுண்ணாம்புக் கலவைக்கும் ஆலய வளாகத்து போர் தண்ணீரைத் தொடவே இல்லை. அதில் உப்பு இருக்கிறது. தாமிரபரணிக் குடிநீர்தான் லாரியில் வந்தது.

சுண்ணாம்பு: சுட்ட கல்லை வாங்கி வளாகத்திலேயே குழி வெட்டித் தண்ணீர் விட்டு நீற்றி, சல்லடையில் வடித்து, தண்ணீருக்கடியில் மூன்று மாதம் வைத்தோம். குறைந்தது மூன்று வாரம் வேண்டும். நாள் கூடக்கூட வெண்ணெய் போல ஆகும். சரியாக நீறாத ஒரு பொட்டு பூச்சுக்குள் இருந்துவிட்டால் பிறகு அது நீறி, உப்பி, மேல்பூச்சைத் தெறிக்க வைக்கும். முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் இரண்டரைப் பங்கு, 12 மில்லிமீட்டர். இரண்டாவது 8 மில்லிமீட்டர். மேல்பூச்சு 3 மில்லிமீட்டர், சலித்த மணலோடு. கடுக்காயை இடித்துப் போட்டு, கருப்பட்டியும் சேர்த்துப் பத்து நாள் ஊறிப் புளித்த தண்ணீரைக் கலவையில் விட்டோம். இது கலவையைக் கரண்டிக்கு இணக்கமாக்கும்; சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் காக்கும். கூடுதலாக ஊற்றினால் இறுகுவது தள்ளிப்போகும், பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும். கருப்பட்டி அதிகமானால் பலமும் அதிகம் என்று சொன்னவர்களுக்கு இதுவே பதில்.

மேற்குச் சுவரில் தவறு நடந்தது. முதல் பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் நடுவே ஏழு முதல் பத்து நாள் விட வேண்டும். கல்யாணம் ஒன்று குறித்திருந்ததால் மூன்றாம் நாளே அடுத்த பூச்சுக்குக் குழு சம்மதித்தது. அது ஆடி. மேற்கிலிருந்து வீசிய காற்று மேல்தோலை ஒரே பகலில் உலர்த்தியது. மறுநாள் காலையில் சிலந்தி வலை போல மயிரிழை வெடிப்பு. தட்டிப் பார்த்தால் பொக்குச் சத்தம். நாற்பது சதுர அடியை உரித்துத் திரும்பப் பூசினோம். இம்முறை ஈரச்சாக்குப் படுதா கட்டி, நாளுக்கு நான்கு முறை பீய்ச்சினோம். கொத்தனார் முதலிலேயே வேண்டாம் என்றார். கேட்காதது குழுவின் குற்றம்.

கூரையில் மங்களூர் ஓட்டின் கீழே பனங்கைகள், அதாவது பனைமரச் சட்டங்கள். நடுப்பகுதி அனைத்தும் இரும்பு மாதிரி இருந்தன. கெட்டது எல்லாம் சுவருக்குள் நுழையும் முனையில். சுவரின் ஈரமும் காற்றில்லாமையும் சேர்ந்து அங்கே கரையானை அழைத்திருக்கின்றன. பதினான்கு கைகளை மாற்றினோம். பச்சைப்பனையை வெட்ட நினைக்கவில்லை. 2021க்குப் பிறகு மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக் கூடாது, கூடினாலும் வெட்ட மனம் வராது. இடித்த பழைய வீடுகளிலிருந்து முற்றிய கைகளை வாங்கி, உள்ளே மிச்சமிருந்த மெல்லிய சோற்றைச் சுரண்டி, கெட்டியான வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி ஒரு அங்குலம் காற்றுவெளி விட்டிருக்கிறோம். அந்த ஓட்டையைப் பார்த்து "பூசாம விட்டுட்டாங்க" என்று யாரும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட வேண்டாம். கூரைக்குக் கீழே மாட்டியிருந்த பிவிசி சீலிங்கைத் திரும்ப மாட்டவில்லை.

இனி வளைவு. பீடத்துக்கு முன்னுள்ள பெரிய வளைவில், "தேவன் ஆவியாயிருக்கிறார்" என்ற யோவான் 4:24 வசனம் நீல எமல்ஷனில் எழுதியிருந்தது எல்லோருக்கும் தெரியும். சுவரைச் சோதிக்க நான்கு அங்குலச் சதுரம் ஒன்றை அடுக்கடுக்காகத் திறந்தபோது, எமல்ஷனுக்குக் கீழே டிஸ்டெம்பர், அதற்குக் கீழே பலமுறை அடித்த சுண்ணாம்பு வெள்ளை, அதற்கும் கீழே செங்காவி நிறம் தெரிந்தது. வேலையை அங்கே நிறுத்தினோம். உப்புத்தாளும் பெயிண்ட் உரிக்கும் ரசாயனமும் வேண்டாம் என்று முடிவு செய்து, வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து எமல்ஷனை இளக்கி, தோலாக உரித்து, வெள்ளையைச் சிறு கத்தியால் செதில் செதிலாக எடுத்தோம். நாளுக்கு ஒரு சதுர அடி நகர்ந்தால் அதிகம்.

இரண்டு எழுத்து வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மேலே இருந்தது நாம் அறிந்த அதே வசனம், கரும்புகை மையில், ஏழு அங்குல உயரம். அதில் "ஆவியாயிருக்கிறார்" என்பதன் றா, காலைத் தனியே வைக்காமல் எழுத்தோடு சுழித்து இழுத்த பழைய வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கை. எழுதியவர் முதலில் நூல் பிடித்துச் சுண்ணாம்பில் கீறிய கோடு இன்றும் விரலுக்குத் தட்டுப்படும். வளைவின் உச்சியில் எழுத்துகள் சற்று அகன்றும் இரு ஓரத்திலும் நெருங்கியும் இருக்கின்றன. கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிய கை அது.

அதற்கும் கீழே செங்காவியில் ஒரு சொல் மட்டும் தேறியது: "பராபர". கடைசி எழுத்து இல்லை. சற்றுத் தள்ளி "ஆவி". நடுவில் எல்லாம் உதிர்ந்திருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், அந்த இரண்டு வரிசைக்குள் தமிழ் வேதத்தின் வரலாறே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் லுத்தரன் மிஷனரி பெப்ரீஷியஸ் செய்த மொழிபெயர்ப்பு கடவுளைப் பராபரன் என்று அழைத்தது. 1871இல் வந்த, மிஷனரி ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன் சங்கத்தாரும் கூடிச் செய்த திருத்தத்தில், இன்று நாம் வாசிக்கும் தேவன் என்ற சொல் நிலைபெற்றது. அந்தத் திருத்தக் குழுவில் நம் இடையன்குடி கால்டுவெல்லும் இருந்தார். லுத்தரன் சபையார் அதற்குப் பிறகும் நெடுநாள் பெப்ரீஷியஸையே வைத்துக்கொண்டார்கள். நம் வளைவிலும் சபை ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு நகர்ந்து, தன் சுவரையும் திருத்தி எழுதிக்கொண்டது என்றே குழு இதை வாசிக்கிறது.

கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. பராபரம் தாயுமானவர் பாடிய சொல்லாயிற்றே, பராபரக்கண்ணி சைவப் பாட்டாயிற்றே, அதை ஆலயத்தில் காட்டலாமா? நியாயமான கேள்வி. குழு யோசித்ததைச் சொல்கிறோம். தேவன் என்ற சொல்லும் நமக்கு முன்னாலேயே இங்கே இருந்தது. தேவர்கள் பலருக்கும் அது பொது. கடவுள் என்பதும் அப்படியே. பிறர் வாயில் படாத ஒரு சொல்லைத் தேடினால் தமிழில் கடவுளைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. பரமும் அபரமுமானவர், அப்பாலும் இப்பாலும் இருப்பவர் என்று விரியும் அந்தச் சொல்லைப் பெப்ரீஷியஸ் அறியாமல் எடுத்திருக்க மாட்டார். நம் கீர்த்தனைகளில் பராபரன் இன்றும் உயிரோடு இருக்கிறார். ஞாயிறுதோறும் பாடிவிட்டு, எழுத்தில் கண்டால் மட்டும் அந்நியமாக நினைப்பது சரியல்ல. வார்த்தை மாம்சமானார் என்று நாம் விசுவாசிக்கிறோம். தமிழில் அவர் உடுத்தியவை ஏற்கெனவே இங்கே நெய்யப்பட்ட சொற்கள்தான்.

ஆகையால் செய்தது இது. சபை வேதத்தில் வாசிப்பதே வளைவில் இருக்க வேண்டும். எனவே கரும்புகை வரிசையை வைத்துக்கொண்டோம். உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்பால் நிரப்பி, சுண்ணாம்பு நீரில் குழைத்த கரும்புகை நிறத்தை, அருகில் வந்து பார்த்தால் புதியது என்று தெரியும் அளவுக்கு ஒரு சாயல் வெளிறலாகக் கொடுத்தோம். றாவை இன்றைய வடிவுக்கு மாற்றவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிக்க வராது என்றார்கள். ஒரு ஞாயிறு சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். இடது ஓரத்தில் "பராபர" உள்ள ஒன்றரை அடியை மட்டும் ஒன்றும் தீட்டாமல், ஒன்றும் சேர்க்காமல், கிடைத்தபடியே திறந்து விட்டிருக்கிறோம். விடுபட்ட "ன்" எழுத்தை எழுதி முடிக்கச் சொன்னவர்கள் உண்டு. இல்லாததை ஊகித்து எழுதினால் அது நம் எழுத்தாகிவிடும், அவர்களுடையது ஆகாது.

கிழக்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி பற்றிச் சுருக்கமாக. ஈயப்பட்டைகள் உப்பி வெளியே தள்ளியிருந்தன. காரணம், கல்லெறிக்குப் பயந்து வெளியே ஒட்டியிருந்த பாலிகார்பனேட் தகடு. இடைவெளியில் காற்று போகாமல் வெயிலுக்குச் சூளையாகி, ஈயம் இளகிவிட்டது. மழைக்காலத்தில் உள்ளே வியர்த்தது. இப்போது வலைக்கம்பி, கண்ணாடியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி.

நற்கருணை அழிக்கு (பீடத்துக்கு முன்னுள்ள தடுப்பு) முன் முழங்காற்படியிட ரெக்சின் திண்டுகளுக்குப் பதில் பத்தமடைப் பாய். பட்டுப்பாய் மாதிரியான மெல்லிய நெசவு முழங்காலுக்கு ஆறு மாதம்கூடத் தாங்காது. பருத்திப் பாவில் நெய்த முரட்டுக் கோரையே கேட்டோம். நெய்து தந்தவர்கள் பத்தமடை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். ஓரத்தில் சிவப்புக் கரை மட்டும், சிலுவை வேண்டாம் என்றது குழு. முழங்காலும் காலும் படும் இடம் அது. பாயைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

பராமரிப்பு. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன் ஓட்டு வாய்க்காலிலும் சரளை ஓரத்திலும் சருகு அள்ள வேண்டும். உள்சுவருக்கு வெள்ளை மட்டும். எமல்ஷன், டிஸ்டெம்பர், வால்பேப்பர் எதுவும் ஆகாது. கிறிஸ்துமஸ் தோரணத்துக்கு ஆணி அடிக்காமல், ஜன்னல் மேல் வரிசையில் பதித்திருக்கும் இருபத்திரண்டு பித்தளைக் கொக்கிகளில் கட்டுங்கள். அடுத்த இரண்டு மழைக்குத் தெற்குச் சுவரில் மறுபடி கொஞ்சம் உப்பு பூக்கும். சுவருக்குள் மிச்சமிருப்பது வெளியே வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் தொடாமல் உலர்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளிவிட்டால் போதும்.

மீந்த சுண்ணாம்பு இரண்டு டிரம் வெஸ்டரிக்குப் பின்னால் இருக்கிறது. மேலே நான்கு விரல் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றும் பொறுப்பை ஆலயப் பணியாளரிடம் ஒப்படைத்திருக்கிறோம். மூடி திறக்கும் சாவியும் அவரிடமே.

ஆலயத் திருப்பணிக் குழு