சுரங்கக் கரையில் சைக்கிள் விடப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இத்தாலியின் சார்டினியா தீவில் தென்மேற்குக் கரைக்குக் கிராவல் சைக்கிள் (சரளைச் சாலைக்கு ஏற்ற சைக்கிள்) பயணம் ஏற்பாடு செய்யும் தமிழ்ச் சைக்கிள் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இக்லேசியாஸில் புறப்பட்டு நேபிதா, மசுவா, புஜ்ஜெர்ரு, இங்குர்தோசு, பிஷினாஸ், மொந்தேவெக்கியோ வழியாக சான் கவினோ ரயில் நிலையத்தில் முடிகிற தடத்தைப் பற்றியே இந்த மடல். பக்கப் பாதைகளையும் சேர்த்தால் 150 கிலோமீட்டர் வரை வரும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு நாள், இருபது பேர் என்று திட்டம் போடத் தோன்றும். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். ஐந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெரிதென்றால் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு குழுக்களாகக் கிளம்புங்கள்.

இந்தக் கரையில் சாலைகள் பெரும்பாலும் ஊருக்குப் போவதற்காகப் போட்டவை அல்ல. ஈயமும் துத்தநாகமும் மலையிலிருந்து கடலுக்குப் போகப் போட்டவை. எந்தச் சாலை மெதுவாக ஏறும், எது நெஞ்சை அடைக்கும், எந்த ஓடையில் தண்ணீர் எடுக்கக் கூடாது, எந்த வெள்ளைத் திட்டில் டயர் புதையும் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை சுரங்கத்தில்தான் இருக்கிறது. சுரங்கம் எப்படி நடந்தது என்று தெரியாமல் வருகிறவர்களே இங்கே சிக்கலில் மாட்டுகிறார்கள்.

முதலில் வழிக்கோப்பு. 'சாந்தா பார்பரா சுரங்கப் பாதை' என்ற பெயரில் சுமார் 500 கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்று உண்டு. இக்லேசியாஸில் தொடங்கி அங்கேயே முடியும். சாந்தா பார்பரா சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதை. அருமையான பாதைதான், ஆனால் நடப்பவர்களுக்காகப் போட்டது. அதன் ஜிபிஎக்ஸ் கோப்பை இறக்கி அப்படியே சைக்கிள் கணினியில் ஏற்றினால், மசுவாவுக்கும் புஜ்ஜெர்ருவுக்கும் இடையில் கடல்விளிம்பு ஒற்றையடிப் பாதைகளுக்குக் கொண்டுபோய் விடும். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. பை கட்டிய சைக்கிளை அங்கே தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பழைய தண்டவாளம் போன தடங்களையும் வண்டிச் சாலைகளையும் மட்டும் தேர்ந்தெடுத்துக் கோப்பை நீங்களே வரையுங்கள். தாது ஏற்றிய வண்டியை இழுக்கும் எஞ்சினாலும் கழுதையாலும் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அந்தத் தடங்கள் மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும், சைக்கிளுக்கும் அதுவே இதம்.

மசுவாவிலிருந்து அக்குவாரேசி நோக்கி ஏறும் தார்ச்சாலை இதற்கு விதிவிலக்கு. கடல் மட்டத்தை விட்டு நேரே மலைமுகட்டைப் பிடிக்கும். சாய்வு பல இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டும். இங்கேதான் கியரின் கணக்கு தெரியவரும். முன்னால் 40 பல், பின்னால் 51 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நகரலாம். முன்னால் 42, பின்னால் 34 என்று சாலை சைக்கிளின் கியரோடு வருகிறவர் 12 கிலோ சுமையோடு அந்த வேகத்தில் நகர, நிமிடத்துக்கு 40 சுற்றுக்கும் கீழே கால் திணற மிதிக்க வேண்டியிருக்கும். மறுநாள் முழங்கால் பேசும். மிகச் சிறிய கியர் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

அந்த ஏற்றத்துக்கு முன், மசுவாவில் அரை நாள் ஒதுக்குங்கள். கரைக்கு எதிரே 133 மீட்டர் உயரத்தில் பான் தி சுக்கெரோ என்ற பாறைத்தீவு நிற்கிறது. அதைப் பார்த்தபடி செங்குத்துப் பாறையில் திறந்திருப்பது போர்த்தோ ஃபிளாவியா என்ற தாது ஏற்றும் துறை. 1924 வரை இங்கே தாதுவைக் கூடைகளில் தோளில் சுமந்து பாய்மரப் படகில் ஏற்றி, சான் பியெத்ரோ தீவிலுள்ள கார்லோஃபோர்தே துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கே மறுபடி கப்பலுக்கு மாற்றினார்கள். பொறியாளர் சேசரே வெச்செல்லி பாறைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுரங்கப்பாதைகள் குடைந்தார், ஒவ்வொன்றும் சுமார் 600 மீட்டர். இரண்டுக்கும் நடுவே பாறையிலேயே தாதுவைச் சேர்த்துவைக்கும் ஒன்பது குதிர்களையும் செங்குத்தாகக் குடைந்தார். மேலே ரயில் தாதுவைக் கொட்டும். கீழே ஓடும் பட்டை அதை வாங்கிக்கொண்டுபோய், கடலுக்கு மேல் நீளும் கை வழியாகக் கப்பலின் வயிற்றிலேயே இறக்கும். தோள்சுமை அன்றோடு ஒழிந்தது. துறைக்கு வெச்செல்லி வைத்தது தன் மகளின் பெயர். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

இனி டயர். இந்தத் தடத்தில் பயணம் கெடுவதற்கு முதல் காரணம் டயரின் பக்கச்சுவர் கிழிவதுதான். மசுவா, நேபிதா பக்கம் பழைய கடினச் சுண்ணாம்புக்கல். உடைந்தால் கத்தி போல் விளிம்பு. இங்குர்தோசு, மொந்தேவெக்கியோ பக்கம் அடுக்கடுக்கான பலகைக்கல். இரண்டும் டயரின் நடுப்பகுதியைவிடப் பக்கவாட்டைத்தான் அறுக்கும். 45 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம், ஃபோர்க்கில் இடம் இருந்தால் 50 போடுங்கள். பக்கச்சுவர் தடித்த வகையாகப் பாருங்கள், எடை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. ஆளும் சுமையும் சேர்ந்து 90 கிலோ என்றால் 45 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 28, பின்னால் 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரியாக இருக்கும். தார்ச்சாலையில் வேகம் போக 50 ஏற்றி அப்படியே சரளையில் இறங்கினால் டயர் கல்லை அணைத்துப் போகாது, கல்லின்மேல் துள்ளும். துள்ளி இறங்கும் இடத்தில்தான் கிழியும்.

டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரை வைத்தே சொல்கிறோம். ஒவ்வொரு டயரிலும் துளையை அடைக்கும் திரவமான சீலண்ட் புதிதாக 60 மில்லிலிட்டர், பையில் இன்னொரு 60. சீலண்ட் சிறு துளையைத்தான் அடைக்கும். 5, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கிழிசலில் காற்றோடு சேர்ந்து அதுவும் வெளியே பீய்ச்சும். நடுப்பகுதிக் கிழிசலுக்குப் பிளக் என்ற ரப்பர்த் திரியைச் செருகலாம். பக்கச்சுவரில் பிளக் நிற்காது, அந்தத் துணி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் பிளக்கைத் துப்பிவிடும். அப்போது செய்ய வேண்டியது இது. டயரின் ஒரு பக்கத்தைக் கழற்றி, எஞ்சிய சீலண்டைத் துணியால் ஒற்றி எடுங்கள். கிழிசலைச் சுற்றி உள்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர்த் தோலை விரலால் உரித்து எடுங்கள், அது இருந்தால் எந்த ஒட்டும் பிடிக்காது. பழைய டயரிலிருந்து வெட்டி வைத்த 3 செ.மீ.க்கு 5 செ.மீ. துண்டை உள்ளிருந்து வைத்து மூடுங்கள். வால்வைக் கழற்றிவிட்டு டியூப் போடுங்கள். போடுவதற்கு முன் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: டயரின் உள்பக்கம் முழுவதையும் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். இந்தக் கரையின் புதரெல்லாம் முள். டியூப்லெஸ் டயரில் ஏறிய முட்களைச் சீலண்ட் ஓசையில்லாமல் அடைத்து வைத்திருக்கும், வெளியே தெரியாது. டியூப் போட்ட பத்தாவது நிமிடம் அவை டியூப்பைக் குத்தும். 'டியூப் போட்டும் நிற்கவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆளுக்கு இரண்டு டியூப், குழுவுக்கு ஒரு மாற்று டயர், ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதற்கே பொருந்தும் டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு மாட்டும் துண்டு). இதெல்லாம் கிடைக்கும் கடை இங்குர்தோசுவில் இல்லை.

கடை மட்டுமில்லை, இங்குர்தோசுவில் இன்று ஊர் என்று சொல்லவே அதிகம் இல்லை. கூரை போன வீடுகளும் சுரங்கக் கட்டடங்களும் நிற்கின்றன. அங்கிருந்து பிஷினாஸ் கடற்கரைக்கு இறங்கும் மண்சாலை நராக்கவுலி என்ற இடத்தில் தாது கழுவிய பெரிய ஆலையின் இடிபாட்டை ஒட்டிப் போகிறது. பக்கத்தில் ஓடும் ஓடையை வசந்த காலத்தின் கடைசியில் நின்று பாருங்கள். கூழாங்கல்லின் மேலும் நாணல் தண்டின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு படர்ந்திருக்கும். நீரில் கரைந்த துத்தநாகத்தை நுண்ணுயிர்கள் கெட்டிப்படுத்தி இறக்கிய கனிமம் அது, பெயர் ஹைட்ரோசிங்கைட். யாரும் கேட்காமலே ஓடை தன்னைத்தானே கொஞ்சம் சுத்தம் செய்துகொள்கிறது. ஒரு டயர் அதன்மேல் போனால் படிவு பெயர்ந்து, கலங்கி, கீழே போய்விடும். ஓடைப்படுகையில் சைக்கிளை இறக்காதீர்கள், படத்துக்காகக்கூட வேண்டாம்.

அந்தத் தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கும் நாளும் உண்டு. தெளிவை நம்பிக் குடிக்காதீர்கள். பயணிகள் வைத்திருக்கும் குழல் வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும். கரைந்திருக்கும் காட்மியத்தையும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் பிடிக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி உலோகம் இன்னும் செறியும். சுரங்க வாயிலிலிருந்து வரும் நீர், கழிவுக் குன்றின் அடியில் ஊறும் நீர், பிஷினாஸ் அருகே செம்பழுப்பாக ஓடும் ஆறு எதுவும் குடிநீர் இல்லை. புஜ்ஜெர்ருவுக்கும் இங்குர்தோசுவுக்கும் இடையிலுள்ள ஃபுளுமினிமஜ்ஜோரே ஊரில் ஆளுக்கு 3 லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், வெயில் நாளில் 4. பிஷினாஸிலிருந்து வடக்கே போகும் மண்சாலை அந்தச் செந்நீரைக் கடந்துதான் போகிறது. பாலம் இல்லை, கோடையில் கணுக்கால் அளவு. பெருமழைக்குப் பின் இறங்கவே கூடாது, இங்குர்தோசுவுக்குத் திரும்பி ஏறுவதுதான் வழி. கடந்த பிறகு அன்று மாலையே நல்ல தண்ணீரில் சங்கிலியையும் பிரேக்கையும் கழுவுங்கள். அந்தச் சேறு காய்ந்தால் பிரேக் பேடை உப்புத்தாள் போல் அரைக்கும். பின்தகடு நீங்கலாக பேடில் 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அன்றிரவே மாற்றிவிடுங்கள்.

கழிவுக் குன்றுகளைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். வெளிர் மஞ்சள், வெள்ளை, செம்மண் நிறங்களில் வழுவழுவென்று சரிந்திருக்கும் அந்த மேடுகள் சைக்கிள் விளையாட்டுக்கென்றே செய்தவை போலத் தோன்றும். அரைத்த பாறைமாவு அது, ஈயமும் காட்மியமும் கலந்தது. ஏறினால் தூள் கிளம்பும். மூச்சில் போகும், கையில் ஒட்டும், கையிலிருந்து ரொட்டிக்குப் போகும். காற்றடிக்கும் நாளில் அந்த இடங்களைத் தாண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் கை கழுவத் தனியாக அரை லிட்டர் வையுங்கள். புதருக்குள் மூடப்படாத சுரங்கக் கிணறுகள் உண்டு. இயற்கை உபாதைக்கு ஒதுங்கும்போதுகூடச் சாலை விளிம்பை விட்டு உள்ளே போக வேண்டாம். திறந்து கிடக்கும் குகைவாயில் எதற்குள்ளும் நுழையாதீர்கள். உள்ளே முட்டுக்கட்டை உளுத்திருக்கும், காற்றும் கெட்டிருக்கலாம்.

நேரக் கணக்குக்கு வருகிறோம். கோடை வேண்டாம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது அக்டோபர். அக்டோபரிலும் காட்டுத்தீக் கட்டுப்பாடு நடப்பில் இருக்கும், திறந்த நெருப்பு கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் காலம். வந்தே தீர வேண்டும் என்றால் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையைத் தவிருங்கள். வடமேற்கிலிருந்து மிஸ்திரால் காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். சான் கவினோவில் தொடங்கி இக்லேசியாஸுக்கு வாருங்கள். அப்போது காற்று முதுகில் இருக்கும். இத்தாலியில் வண்டி வலப்பக்கம் ஓடும், ஆகவே தெற்கே வரும்போது கடல்விளிம்பு உங்கள் பக்கம் இருக்கும் என்பதை மட்டும் இறக்கங்களில் நினைவில் வையுங்கள்.

வெயில் ஏறிய நாளில் நண்பகல் 12 முதல் 3 வரை மிதிக்காதீர்கள். புஜ்ஜெர்ருவில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1904 செப்டம்பரில் அங்கிருந்த பிரெஞ்சு சுரங்க நிறுவனம், தொழிலாளர்களின் மதிய ஓய்வில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கியது. 3 மணிக்குத் தொடங்கிய பிற்பகல் வேலை 2 மணிக்கு என்று ஆனது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். செப்டம்பர் 4 அன்று படைவீரர்கள் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். அந்த மாதமே இத்தாலி முழுவதும் முதல் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஊரில் அந்த மூன்று மணி நேரம் நிழலில் உட்காருங்கள், ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். தாது ரயில் போன ஹென்றி சுரங்கப்பாதையைக் கால்நடையாகப் போய்ப் பாருங்கள்.

ஆட்டு மந்தை வந்தால் இறங்கிவிடுங்கள். காவல் நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடங்கள். வேகமெடுத்துத் தப்பப் பார்த்தால் நாய் துரத்தும். பிஷினாஸ் மணல்மேடுகளில் சைக்கிள் ஏற்ற வேண்டாம், மணலைப் பிடித்து வைத்திருப்பது அங்குள்ள ஜூனிபர் வேர்கள்தான். பழைய தாது வண்டிகள் துருப்பிடித்து நிற்கும் இடம் வரை போய்ப் பார்த்துத் திரும்பினால் போதும். கண்ணில் மின்னும் ஈயத்தாதுக் கல்லைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடைசி நாள் மொந்தேவெக்கியோ. 1848-இல் உரிமம் பெற்று 1991 வரை நடந்த சுரங்கம். அங்கிருந்து குஸ்பினி வழியாக சான் கவினோவுக்கு இறங்குவது எளிது. மொந்தேவெக்கியோவின் ஈயமும் சான் கவினோ உலைக்குத்தான் போனது. காலியாரிக்குப் போகும் வட்டார ரயிலில் சைக்கிள் மாட்டும் இடம் சில மட்டுமே. ஆறு பேர் என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஆறுக்கும் இடமில்லை என்றால் மூவர் மூவராகப் பிரிந்து அடுத்த ரயிலில் வாருங்கள். நடைமேடைக்குப் போகும் முன் சக்கரச் சேற்றைக் கழுவிவிடுங்கள், அந்தச் சேறு ரயில் பெட்டிக்குள் காய்ந்து பறக்க வேண்டாம்.

அன்புடன்,
இந்தத் தடத்தில் சைக்கிள் விடும் சிலர்