வாசற்படியில் ஒரு பெண்மணி

மிடில்ஸ்பரோ,
அக்டோபர் 14

அன்புள்ள தோழிக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ யார் துணையும் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் மனப்பாரம் இறங்கியது. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி பாதியில் நின்றுகொண்டிருந்தது. அதன் முடிவு தெரியாமல் எழுத மனம் வரவில்லை. நேற்றுதான் தெரிந்தது.

1972-இல், நாம் தாதியர் விடுதியை விட்டு வெளியே வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த தெருவில், என்னுடைய இன்ஸ்டமேட்டிக் கேமராவால் உன்னை எடுத்த சதுரப் படம் உனக்கு நினைவிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, தலையில் மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் முக்காடு, கையில் ஈப்போவுக்கு அனுப்பவிருந்த பார்சல். ஐம்பது ஆண்டுகளாக அதை நான் உன் படமாகவே பார்த்து வந்திருக்கிறேன். ஆனால் உன் இடது தோளுக்குப் பின்னால், நாலு வீடு தள்ளி, ஒரு பெண்மணி தம் வீட்டு வாசற்படியில் மண்டியிட்டுக் குனிந்திருக்கிறார். அவரைப் பற்றிய செய்திதான் இது.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மறுநாள் காலையிலேயே சன்னல் வழியாகப் பார்த்து வியந்த வேலைதான் அது. வாளித் தண்ணீரால் படியைக் கழுவி, ஈரம் காய்வதற்குள், சவர்க்காரக் கட்டி அளவுள்ள ஒரு கல்லால் படியின் விளிம்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கை எடுக்காமல் தேய்த்துக்கொண்டே போனார். காய்ந்த பிறகு பார்த்தால், கரி படிந்த தெருவில் அந்த விளிம்பு மட்டும் பால் வெள்ளைப் பட்டையாக நின்றது. அதற்கு டாங்கி ஸ்டோன் என்று பெயர் என்றும், பழந்துணி வாங்க வருகிறவன் துணிக்கு மாற்றாக அதைக் கொடுத்துவிட்டுப் போவான் என்றும் வீட்டுக்கார அம்மா சொன்னார். கல்தூளையும் சிமெண்டையும் வெளுப்புத்தூளையும் பிசைந்து கட்டியாக்கிய பொருள் அது. பஞ்சாலைகளில் எண்ணெய் சிந்தி வழுக்கும் கற்படிகளில் கால் பிடிமானத்துக்காகத் தேய்த்தது, பின்னர் வீட்டு வாசல்களுக்கு வந்தது. நாம் பார்த்த காலத்திலேயே வயதான பெண்கள்தான் அதை விடாமல் செய்துவந்தார்கள். ஆஷ்டன்-அண்டர்-லைனில் அதைச் செய்துவந்த கடைசித் தொழிற்சாலையும் 1979-இல் மூடப்பட்டுவிட்டது.

அன்று காலை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "பார், இவர்களும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள்" என்றாய். வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தும், இந்த ஊரில் எனக்கு யாரோ உறவு இருப்பது போல முதன்முதலாகத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

இனி செய்திக்கு வருகிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை பழைய படங்களோடு முதியவர்கள் கூடுகிறார்கள். அவரவர் வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி, எந்தத் தெரு, எந்தக் கடை, எந்த ஆண்டு என்று பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். ஆகஸ்டு மாதம் நம் படத்தை எடுத்துப் போனேன். அந்தத் தெருவின் பெயரைச் சொன்னதும் ஐந்தாறு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், ஏனென்றால் இன்று அங்கே தெருவே இல்லை. வரிசை வீடுகளை இடித்து, புல்தரையும் வண்டி நிறுத்துமிடமும் ஆக்கிப் பல காலமாகிறது. படத்தின் வலது ஓரத்தில் பாதி மட்டும் விழுந்திருக்கும் ஒரு ஃபோர்டு கார்ட்டினா காரின் எண் பலகை 'கே' என்ற எழுத்தில் முடிகிறது. அது 1971 ஆகஸ்டுக்கு முன் பதிவான வண்டியாக இருக்க முடியாது என்று ஒருவர் சொன்னார். எந்த ஆண்டு என்று எனக்கு முன்பே தெரியும் என்றாலும், நாம் கவனிக்காமல் விட்ட ஒரு கார் நமக்காகச் சாட்சி சொன்னதைக் கேட்டுச் சிலிர்த்துப்போனேன்.

எண்பது வயதை எட்டிய ஒருவர் மட்டும் காரைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கி, படியில் குனிந்திருந்த பெண்மணியின் மேல் வைத்து, வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கதவுகளை எண்ணினார். "இது எங்கள் வீடு, இது என் அம்மா என்று நினைக்கிறேன்" என்றார். முகம் தெரியாத அளவுக்குக் குனிந்திருக்கும் ஒருவரை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டேன். மண்டியிடும்போது இடது காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டியிருப்பதைக் காட்டினார். அந்த முழங்கால் அவருக்கு மடங்காதாம். உறுதியாகச் சொல்லத் தயங்கி, ஹார்ட்டில்பூலில் இருக்கும் தம் அக்காளிடம் காட்ட ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார். நேற்று அந்த அக்காளே அவருடன் வந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, "அந்தப் பச்சை வாளி" என்றுதான் சொன்னார். அந்த வாளியைத் தூக்கிவரும் வேலை சிறு வயதில் அவருடையதாம்.

அவர்கள் அம்மாவுக்குப் படம் எடுப்பது அறவே பிடிக்காதாம். கேமராவைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். பிள்ளைகளிடம் இருப்பவை ஒரு கல்யாணப் படமும், ரெட்கார் கடற்கரையில் தொப்பியின் நிழல் முகத்தை மறைத்த இன்னொன்றும்தான். வேலை செய்துகொண்டிருக்கும் அம்மாவை அவர்கள் அதற்கு முன் படத்தில் பார்த்ததே இல்லை. மகன் மேசையில் இரு கைகளையும் ஊன்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆகஸ்டிலிருந்தே எனக்கு ஒரே எண்ணம். இந்த நாட்டின் ஊர்களை முனைந்து படமெடுத்தவர்களுக்குக் குறைவில்லை. லிவர்பூலில் மளிகை வணிகம் செய்து பொருளீட்டிய பிரான்சிஸ் ஃபிரித், எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய்ப் படமெடுத்துத் திரும்பியபின், 1860-இல் ரைகேட் என்ற ஊரில் தொழில் தொடங்கி, பிரிட்டனின் ஒவ்வொரு ஊரையும் கிராமத்தையும் படமெடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தாரும் தொடர்ந்து நடத்திய அந்த நிறுவனம் 1971 வரை அஞ்சலட்டைகளாக விற்றது. நாம் ஊருக்கு எழுதிய அட்டைகளில் சிலவற்றின் மூலையில் அந்தப் பெயர் இருந்ததை நீயும் பார்த்திருப்பாய். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் விற்பனைக்கு எடுத்த படத்தில் தேவாலயமும் கடைத்தெருவும் நடுவில் நிற்கும். வாங்குகிறவர் அதைத்தான் கேட்டார். தொழிலாளர் தெருவில் வாசற்படி தேய்க்கும் பெண்ணுக்காக முக்காலியை நாட்டி வைக்க யாருக்கும் அவசியம் இல்லை.

விட்பி என்ற கடற்கரை ஊரின் படக்கலைஞர் சட்கிளிஃபை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நாம் மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்து, எஸ்க் பள்ளத்தாக்கு ரயிலில் விட்பிக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? 199 படிகளையும் ஏறி, செயின்ட் மேரி தேவாலயத்தின் கல்லறைகளுக்கு நடுவே நின்று, கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகளையும் எதிர்க்கரைத் துறைமுகத்தையும் பார்த்தோமே, அதே கரைகளில்தான் ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைப் படமெடுத்துக் கழித்தார். 1853-இல் பிறந்து 1941-இல் மறைந்தவர். வயிற்றுப்பாட்டுக்காக ஸ்டூடியோவில் விடுமுறைப் பயணிகளை உட்கார வைத்து எடுத்தார். மனம் போனதெல்லாம் மீனவர்களிடம். வலை பின்னும் முதியவர், தூண்டிலில் இரை கோக்கும் பெண்கள், சுவரில் சாய்ந்து கடலைப் பார்க்கும் பையன்கள் எல்லாரும் அவருக்கு அக்கம்பக்கத்தார். 1886-இல் துறைமுக நீரில் ஒரு படகைச் சுற்றி அம்மணமாக விளையாடும் சிறுவர்களை எடுத்த படத்துக்காகப் பாதிரிமார் அவரைக் கண்டித்தார்கள். வேல்ஸ் இளவரசரோ அதன் பெரிய பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

போன வாரம் விட்பிக்குத் தனியாகப் போய் அவர் படங்களை மறுபடியும் நிதானமாகப் பார்த்தேன். ஈரத் தகட்டு முறையில் தொடங்கிய தலைமுறை அது. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் ஆக வேண்டும். அசைந்தவர் படத்தில் புகையாகிவிடுவார், அலை பனிமூட்டமாகிவிடும். ஆகவே அவருடைய மீனவர்கள் தற்செயலாக நிற்பது போலத் தோன்றினாலும், அவர் சொல்லி, அவர்கள் இசைந்து, மூச்சைப் பிடித்து நின்ற படங்கள் அவற்றில் பல. அந்த இசைவு அவர்கள் கண்ணில் தெரிகிறது. நம் வாசற்படி அம்மாவிடம் நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளே போயிருப்பார். இது சரியா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். நேற்று அக்காளிடமே கேட்டேன். அவர் சிரித்தார், "அம்மா உன்னைத் திட்டியிருப்பாள், பிறகு தேநீர் கொடுத்திருப்பாள்" என்றார்.

ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் இரவுப் பணியின்போது வானத்தைச் செம்மையாக்கிய இரும்பு உலைகள் இன்று இல்லை. ரெட்காரில் கடைசியாக இருந்த ஊதுலை 2015-இல் அணைந்தது. 2022 நவம்பரில் வெடிவைத்து அதைத் தகர்த்தபோது நான் கடற்கரையிலிருந்து பார்த்தேன். 1801-இல் இருபத்தைந்து பேர் வாழ்ந்த இடத்தை ஒரு நகரமாக்கியது அந்த இரும்புதான், சிட்னித் துறைமுகப் பாலத்தைக் கட்டியதும் இந்த ஊரின் நிறுவனம்தான் என்று வீட்டுக்கார அம்மா எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருப்பார்! டீஸ் ஆற்றின் மேல் தொங்கு தட்டில் வண்டிகளை ஏற்றி அக்கரை கொண்டுபோய் விடும் நம் டிரான்ஸ்போர்ட்டர் பாலத்தையும், 1911 முதல் ஓடியதை, பாதுகாப்புக் காரணம் காட்டி 2019-இல் நிறுத்திவிட்டார்கள். நாம் அந்தத் தட்டில் நின்று காற்றுக்கு முக்காட்டைப் பிடித்துக்கொண்டது எனக்கு நேற்றுப் போல இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒரு வேண்டுகோள். அன்று நான் உன்னை எடுத்த பிறகு, நீ கேமராவை வாங்கி, எதிர்த்திசையில் திரும்பி நின்று என்னை எடுத்தாய். அந்தப் படம் என்னிடம் இல்லை. நீ மலேசியாவுக்குத் திரும்பியபோது உன் ஆல்பத்தோடு போய்விட்டது. தெருவின் மறுபாதி, மூலைக் கடையும், துணி உலர்த்தும் சந்தும், இன்னும் எட்டுப் பத்து வாசல்களும், அதில் இருக்க வேண்டும். நூலகத்தில் அந்தப் பாதித் தெருவில் வளர்ந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். உன் படம் வருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன் ஆல்பம் பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் வகை என்றால், தயவுசெய்து படத்தை நகத்தால் பிய்க்காதே. பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் மெல்லக் கொடுத்து அறுத்துக்கொண்டே வந்தால் கழன்று வரும். வரவில்லை என்றால் தாளோடு சேர்த்தே கைப்பேசியில் எடுத்து அனுப்பு, போதும். அந்தக் காலத்து வண்ணப் படங்களில் நீலச்சாயம் முதலில் வெளுத்துச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. என்னுடையதே செம்மண் நிறமாகிவிட்டது. ஈப்போவின் ஈரத்துக்குப் பூஞ்சையும் பிடித்திருக்கலாம். அதனால் இந்த மழைக்காலத்துக்கு முன்பே எடுத்துவிடு. பின்புறம் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலால் எழுது, பேனாவின் மை மறுபக்கம் ஊறிவிடும். தெருவின் பெயர், ஆண்டு, கடைக்காரர், சந்தில் பந்தாடிய பையன்கள் என்று உனக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுது. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே திருத்துவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இத்துடன் நம் படத்தின் பிரதி ஒன்றை வைத்திருக்கிறேன். உன் தோளுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி வைத்துப் பார். வாளி பச்சைதான்.

உன் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோழி