540 ரூபாய் வரி

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. தீபாவளிக்கு வந்திருந்தபோது, இந்த நாட்டில் வரி கட்டுவதே உன்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள்தான் என்று நீ சொன்னாய். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அன்று நான் பதில் பேசவில்லை. முந்தாநாள் கடையில் ஒரு பில் போட்டபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

நம் தெருக்கோடி வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிற பெண், பழைய மிக்ஸி புகைந்துபோனதால் புதியது வாங்க வந்தார். விலை 3,000 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம், மத்திய அரசுக்கு 270, மாநில அரசுக்கு 270. ஆக மொத்தம் 3,540. அவருடைய நாள் கூலி 500 ரூபாய். காலையிலிருந்து இருட்டும் வரை நெருப்பின் முன் குனிந்து உட்கார்ந்தாலும், அந்த வரிக்கு இன்னும் 40 ரூபாய் குறைகிறது. நாளொன்றுக்கு 6,000 ரூபாய் சம்பாதிக்கும் உனக்கோ அது முக்கால் மணி நேர வேலைகூட இல்லை கண்ணு. பில் போடும் எனக்கு வாங்குகிறவரின் வருமானம் தெரியாது. தெரிந்தாலும் வரியைக் குறைக்க வழியில்லை.

உன் வருமான வரி பெரிய தொகைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்தில் பாதியை நீ சேமிக்கிறாய், அந்தப் பாதியை ஜிஎஸ்டி தொடுவதில்லை. அவருக்கு வருவதெல்லாம் செலவாகிவிடுவதால், எதை வாங்கினாலும் அதில் உள்ள வரி வருமானத்தில் பெரிய பங்காகிவிடுகிறது. காய்கறிக்கும் சில்லறையாக அளந்து வாங்கும் அரிசிக்கும் வரி இல்லை என்பதும், 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு 18 சதவீதம் 5 ஆகக் குறைந்ததும் நல்ல காரியங்கள். டீசலோ ஜிஎஸ்டிக்கு வெளியே தனி வரிகளைச் சுமக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போகும் சரக்கின் லாரி வாடகையில் அது ஒளிந்திருப்பதால், காப்பித் தோட்டக் கூலியாளின் பில்லில் அது தெரிவதே இல்லை.

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையை இலவசம் என்றும் அன்று நீ குறிப்பிட்டாய். இந்த மாதம் வந்த அந்த ஆயிரத்தையும் சேர்த்துத்தான் அவர் மிக்ஸிக்குக் கொடுத்தார்; அவர் கொடுத்ததில் 540 ரூபாய் வரியாக அரசுக்கே திரும்பிப் போகிறது.

அன்புடன்,
அப்பா